மஞ்சள் விரல்

எண்ணூர் முகத்துவாரத்தில், பாலத்துக்குக் கீழே நின்று பைனாகுலரில் கொக்கு பார்க்கிறேன். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். மஞ்சள் செருப்பு போட்டுக்கொண்டதுபோல இருக்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இங்கே, ஆற்றில் கொட்டிய எண்ணெய் படிந்த சேற்றிலிருந்து காலைத் தூக்கும் ஒவ்வொரு கொக்குக்கும் அலகிலிருந்து விரல்வரை எண்ணெய்க் கறுப்பு. எதை வைத்து எதைப் பிரிப்பது?

தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் கரையேறி, மண்ணெண்ணெய்த் துணியால் தன் காலைத் தேய்க்கிறார்.

"இன்னா சார், அவ்ளோ நேரமா பாத்துகினு கீற?"

"விரலைப் பாத்துத்தான் எந்தக் கொக்குன்னு சொல்லணும்க்கா. ஒண்ணும் தெரியல."

"எங்க காலு மட்டும் எல்லாருக்கும் நல்லாத் தெரியுது சார். எம்பொண்ணும் என்கூட தண்ணில எறங்குறவதான். போன வாரம் அவளப் பொண்ணு பாக்க வந்தாங்க. காப்பி எடுத்தாந்து குடுத்தா. அவ காலைப் பாத்தாங்க. குடிக்காமலே எழுந்து பூட்டாங்க."

துணி கறுத்துவிட்டது. கால் வெளுக்கவில்லை. அவர் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார்.

"எண்ணெய ஊத்துன கம்பெனி எதுன்னுதான் இன்னும் கண்டுபுடிக்க முடிலியாம்."