கடனுக்கு வந்த மாற்றல்

வடக்கே, தலைநகரின் லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் பின்பக்க அறையில் தங்கியிருந்தேன். வீடு லோதி ரோட்டு ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க்காக இருந்த தமிழருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டப்படி அவர் வெளியாளுக்கு வாடகைக்கு விடக் கூடாது. எனக்கு விட்டிருந்தார்.

அந்தக் குடியிருப்பில் ட்ரான்ஸ்ஃபர் என்றால் ஒரே அர்த்தம்தான். ஆளைத் தூக்கி வேறு ஊரில் போடுவார்கள். சாமான் ஏற்றிப் போகப் பணம் கொடுப்பார்கள், புது இடத்தில் சேர அவகாசமும் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு அந்த வார்த்தை அங்கேதான் பழகியது.

கூரியர் கம்பெனியில் ஸ்கூட்டர் ஓட்டினேன். இரண்டு சம்பளச் சீட்டைக் காட்டினால் பெட்ரோல் பங்க் வாசலிலேயே கிரெடிட் கார்டுக்கு எழுதி வாங்கிக்கொண்ட காலம் அது. எனக்கும் ஒன்று வந்தது. ரிங் ரோட்டில் பஸ் இடித்துக் கால் முறிந்தபோது நர்ஸிங் ஹோம் பில்லை அந்தக் கார்டில்தான் போட்டேன். இரண்டு மாதம் படுத்துக் கிடந்தேன், சம்பளம் இல்லை. கால் சேர்ந்துவிட்டது. கடன் அப்படியே நின்றது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி. கட்டியதெல்லாம் வட்டிக்கே சரியாகப் போயிற்று.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை. காண்ட்லா துறைமுகத்தில் ஒரு லாரி ஆபீஸில் வேலை இருப்பதாகவும், தீபாவளிக்குள் வந்தால் இடம் கிடைக்கும் என்றும் பழைய கூட்டாளி சொல்லி அனுப்பியிருந்தான். சட்டென்று கிளம்பியிருப்பேன். கடனோடு போனால் வசூல்காரர்கள் ஹெட் கிளார்க் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் அங்கே குடியிருந்தது வெளியே வந்தால் அவர் வீடும் போகும், வேலைக்கும் வம்பு. அடைத்துவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு பாங்கிலிருந்து போன் வந்தது. இந்தியில் ஆரம்பித்த பையன் என் இந்தியைக் கேட்டதும் நிறுத்தினான்.

“அண்ணா, நீங்க தமிழா? நானும் தமிழ்தாண்ணா. பொறந்தது இங்க, அம்மாவுக்கு மதுரை.”

என் கடனை அவர்கள் பாங்க் பழைய பாங்குக்குக் கட்டிவிடுமாம். அதற்கு ‘பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்’ என்று பெயராம். பிறகு நான் இவர்களுக்குக் கட்டினால் போதும், ஆறு மாதத்துக்குப் பெயருக்குத்தான் வட்டி என்றான். நான் ஒன்றுதான் கேட்டேன்.

“ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டா பழைய கார்டுல எனக்கு வேலை இல்லையே?”

“ஒண்ணுமே இல்லண்ணா. டென்ஷனே வேணாம்.”

சரி என்றேன். அன்றோடு பழைய கார்டுக்குக் கட்டுவதை நிறுத்தினேன். மாற்றலாகிப் போனவன் பழைய ஆபீஸில் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? புதுக் கார்டு வந்ததும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அரிசியும் நல்லெண்ணெயும் அதிலேயே வாங்கினேன். வட்டிதான் குறைவாயிற்றே.

புது பாங்கின் பணம் பழைய பாங்குக்குப் போய்ச் சேரப் பல வாரம் ஆயிற்று. அதுவரை கட்டாததற்கு அங்கே அபராதம், அதற்கும் வட்டி. புதுக் கார்டின் பில்லில் நான் கொண்டுவந்த கடனைவிடப் பெரிய தொகை இருந்தது. மாற்றியதற்கே நூற்றுக்கு இரண்டு ரூபாய் கட்டணம் போட்டிருந்தார்கள். குறைந்த வட்டி மாற்றிய கடனுக்கு மட்டும்தானாம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி. நான் கட்டுகிற பணத்தை முதலில் குறைந்த வட்டிக் கடனில்தான் கழிப்பார்களாம். அதனால் அரிசிக் கடன் அடையாமல் கிடந்து வட்டி தின்றது.

ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். முதலில் சிரித்தார்.

“ஏம்ப்பா, ரிலீவிங் ஆர்டர் வந்துச்சா? வராம பழைய ஆபீஸுக்கு எப்படி மட்டம் போட்ட?”

கட்டணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “மாத்தலுக்கு அவன்ல நமக்கு அலவன்ஸ் தரணும்? நம்மகிட்டயே வசூல் பண்றானா?” என்றார். முப்பது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு ட்ரான்ஸ்ஃபரை அவர் பார்த்ததில்லை.

பாங்குக்குப் போன் செய்தேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்றேன், அப்படி யாரும் இல்லை என்றாள். மதுரைக்காரியின் மகனைக் கேட்டேன். அவன் விற்பனைப் பிரிவாம், அங்கே லைன் கொடுக்க முடியாதாம். எல்லாம் விதிமுறையில் இருக்கிறது என்றாள். விற்க வந்தபோது என் பாஷை தெரிந்திருந்தது. நியாயம் கேட்டபோது அந்த பாங்கில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. மாற்ற இவ்வளவு பிடிப்போம், பணம் போய்ச் சேரும்வரை பழையதைக் கட்டுங்கள், இந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள். மூன்றே வாக்கியம். அம்மாவுக்கு எந்த ஊர் என்று சொன்ன நேரத்தில் இதையும் சொல்லியிருக்கலாம்.

தீபாவளி போயிற்று. காண்ட்லா வேலை வேறொருவனுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மூட்டை இறக்கி, அடுத்த கோடைக்குள் இரண்டு கார்டையும் அடைத்து வெட்டிப் போட்டேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று மூன்றாவது பாங்க் ஒன்றிலிருந்து போன். இது வேறு பையன். பின்னால் இன்னும் பல பையன்கள் பேசும் இரைச்சல்.

“அண்ணா, குரல் கேட்டா நம்ம ஊரு மாதிரி இருக்கு. தமிழா?”

“நஹி, பையா” என்று இந்தியில் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எத்தனையோ ஊரில் அலைந்திருக்கிறேன், எங்கேயும் நான் தமிழன் இல்லை என்று சொன்னதில்லை. கட்டிய பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அப்படிச் சொல்ல வைத்தார்களே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.