மேம்பாலத்து மலையேறி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர் ஜெகதீசன். வாரத்தில் ஆறு நாள் மற்றவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பார். ஞாயிறன்று காலை கரையான்சாவடி டீக்கடையில் சைக்கிள் குழுவுக்கு மலை ஏறக் கற்றுக்கொடுப்பார். அந்தப் பக்கம் மலை கிடையாது. மேம்பாலத்தை முப்பது தடவை ஏறி இறங்கினால் ஒரு ஏலகிரி என்பது அவர் கணக்கு. குழுவில் அவர் பெயர் ‘மலை அண்ணன்’. அவர் ஏலகிரி போனது ஒரே ஒரு தடவை, கம்பெனி சுற்றுலா பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில்.

“கார்பன் சைக்கிள்லாம் பிளாஸ்டிக்கு மாமே. இரும்பு உன்கூட பேசும்” என்பார்.

அவருடைய சைக்கிள் கையால் செய்த ஸ்டீல். யார் செய்தது என்று கேட்டால், “ஒரு கலைஞர்” என்று நிறுத்திக்கொள்வார். கலைஞர் பெயர் நாகேந்திரன். வெள்ளானூரில் புது வீடுகளுக்கு இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் அடிப்பவர். பழக்க தோஷத்தில் சைக்கிளிலும் பூட்டு மாட்ட ஒரு கொண்டியைப் பத்தவைத்துவிட்டார். அது இத்தாலியப் பாணி என்று ஜெகதீசன் குழுவை நம்பவைத்திருந்தார்.

ஒருநாள் குழுவில் இருந்த ராகேஷ் என்கிற கம்ப்யூட்டர்க்காரன் சொன்னான்: “அண்ணா, வர்ற ஞாயித்துக்கெழம நெஜ ஏலகிரிக்கே போலாம். வேன் பேசிட்டேன்.”

அந்த வாரம் ஜெகதீசனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏறாவிட்டால் பெயர் போய்விடும்.

ஏலகிரிப் பாதையில் பதினான்கு வளைவு. மூன்றாவதிலேயே நாக்கு தள்ளியது. ஐந்தாவதில் இறங்கிவிட்டார். மற்றவர்கள் முன்னே போய்விட, கூடவே வந்த கவிப்பிரியா மட்டும் நின்றாள். பட்டாபிராம் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர்.

“இன்னாச்சுண்ணா?”

“வெல்டு விட்டுப்போச்சும்மா. ஓட்டினா ஆபத்து.”

“எங்க?”

முப்பது வருஷமாக அவர் பிறரிடம் கேட்ட கேள்வி அது. தடவித் தடவி, சீட்டுக்குக் கீழே ஒரு கோட்டைக் காட்டினார். அவள் நகத்தால் சுரண்டினாள். கோடு உதிர்ந்தது.

“பெயிண்டு வழிஞ்சிருக்குண்ணா.”

“உள்ளுக்குள்ள விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“அப்டியா? நீங்க என்னுத எடுத்துக்கோங்க. இத நான் ஓட்டிப் பாக்குறேன்.”

தடுப்பதற்குள் பதினேழு கிலோ இரும்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முறிந்து தொலையட்டும் என்று ஜெகதீசன் மனதார வேண்டினார். நாகேந்திரனின் பத்தவைப்பு முறியவில்லை. அடுத்த வளைவில் அவள் மறைந்தாள்.

கையில் இருந்தது ஒன்பது கிலோ சைக்கிள். பாக்கி ஒன்பது வளைவு. ஏறி மிதித்தார். இருநூறு அடியில் மீண்டும் இறங்கினார். தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஏழாவது வளைவில் அவரைத் தேடி ராகேஷ் இறங்கி வந்தான்.

“இன்னாண்ணா, தள்ளிகினு வர்றே?”

முழங்கால், வெயில், கியர் என்று மூன்று பதில்கள் தயாராக இருந்தன. மேலே இருந்து கவிப்பிரியாவின் குரல் இறங்கியது: “அண்ணா, வெல்டு கல்லு மாரி கீது.”

“மூச்சு வாங்குதுப்பா” என்றார் ஜெகதீசன்.

ராகேஷ் சிரிக்கவில்லை. “பரவால்ல சார், வேன வரச் சொல்றேன்” என்றான். அண்ணா சார் ஆனதை ஜெகதீசன் கவனித்தார்.