ஐந்தாவது பாட்டுக்கு மட்டும் ஒரு டிக்

ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் வைத்துக்கொள்வார். இன்னொரு காது ஆபீஸ் வம்புக்கு. கம்ப்யூட்டரில் பாட்டு ஓடத் தொடங்கிய முப்பதாவது நொடியில் விரல் தானாகவே போய் அதை நிறுத்திவிடும். "சரி, புரிஞ்சிடுச்சு. அடுத்தது!" கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முப்பது செகண்டு.

இணையத்தில் பாட்டு விற்கும் கடை அது. வருகிற ஆல்பத்தில் எந்தப் பாட்டைத் தனியாக விற்பது, எதை முழு ஆல்பம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்று பார்த்து, தனியாக விற்கிறதற்கு டிக் போடுவது அவர் வேலை. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் சார். முழுசா கேட்டுட்டு உக்காந்திருந்தா பொழப்பு நடக்குமா?" வீட்டிலும் இதே கதைதான். மனைவி பேசத் தொடங்கினால் பாதியிலேயே தலையாட்டிவிடுவார். அந்த அம்மாளும் இப்போதெல்லாம் முடிவை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்கு வருகிறார்.

அவருடைய அண்ணி பாடகி. பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் கதையை ஒன்பது பாட்டாக எழுதி, ஆறு வருஷம் உழைத்து ஓர் ஆல்பம் செய்தார். ஐந்தாவது பாட்டில் சொந்தக்காரர்கள் கூடி நின்று அவளை மலடி என்று கேலி செய்வார்கள். ஆறாவதில் அவள் பதில் சொல்வாள். அண்ணிக்கும் பிள்ளை கிடையாது. "தம்பி, தனித்தனியா மட்டும் வித்துடாதீங்க. ஒண்ணா கேட்டாத்தான் அதுக்கு அர்த்தம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

"என்ன அண்ணி, என்கிட்டப் போய் இதெல்லாம் சொல்லிக்கிட்டு!" என்றார் இவர்.

ஒன்பது பாட்டையும் நாலரை நிமிஷத்தில் பார்த்து முடித்தார். ஐந்தாவதன் தொடக்கத்தில் வெறும் மேளமும் சிரிப்பும்தான். கால் தானாகத் தாளம் போட்டது. அண்ணிக்கு நல்லதுதானே என்று அதற்கு மட்டும் டிக் போட்டார். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மற்ற எட்டையும் சீண்ட ஆளில்லை. கல்யாண வீடுகளில் அதற்கு ஆடினார்கள். பிள்ளையில்லாதவள் எதிரே வந்தால் செல்போனில் அதைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். முகம் தெரியாத ஒருத்தி அண்ணிக்கு ஒரே வரி எழுதினாள்: "நீங்களும் ஒரு பொம்பளைதானே?"

ஆபீஸில் அவருக்குக் கைதட்டல். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார். ஏன் தனியாக விற்றார்கள் என்று அண்ணி போனில் கேட்டபோது, "அதைக் கம்ப்யூட்டரே பிரிச்சிடுது அண்ணி" என்று சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாள் டிக்கை எடுத்தும் விட்டார். என்ன பயன்? பாட்டு ஊர் முழுக்கப் போய்விட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியாக வேலைக்குப் போய் வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை தப்ப முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். உட்கார்ந்ததுமே அண்ணன் ஆரம்பித்தார்: "அந்த ஆபீஸ்லதானேடா இருக்க? தடுத்திருக்கக் கூடாதா?"

"அவரை ஏன் சொல்றீங்க? மெஷின் பண்ணினதுக்கு தம்பி என்ன செய்வாரு, பாவம்!" என்றபடி அண்ணி அவருக்குத்தான் முதலில் பரிமாற வந்தார்.

அதைக் கேட்டதும் அவர் தலை குனிந்தது. "மெஷின் இல்ல அண்ணி. நான்தான்... நான்தான் டிக் போட்டேன்."

கரண்டி அப்படியே நின்றது. அண்ணி கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த பாட்டை முழுசா கேட்டீங்களா தம்பி?"

கேட்டேன் என்று இன்னொரு பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குனிந்தபடியே இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டார்.