இரண்டாவது பிரேக்கில் என் பெருவிரல்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வேலை என்பது, ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, இடது சீட்டில் நம் வலது காலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிற வேலை. பயிற்சி வண்டியில் எங்கள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்கிற காலின் பெருவிரலில்தான் யூரிக் ஆசிட் வந்து குடியேறியது. சுகர் அதற்குப் பல வருஷம் முன்பே வந்து பாய் விரித்திருந்தது. இரண்டும் ஒருசேர வாய்த்த சக கஷ்டக்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஒரு காலில் ஷூ

விரல் முதன்முதலாக வீங்கிய காலையில் ஃபேன் காற்று பட்டாலே உயிர் போயிற்று. இடது காலில் ஷூ, வலது காலில் வீட்டுச் செருப்பு என்று வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்றுமில்லை, சுளுக்கு என்று சமாளித்தேன். எங்கள் முதலாளி அண்ணாச்சி என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வீட்டுக்குப் போயிப் படும் வே. அந்தக் காலை நம்பி ரோட்டுல பிள்ளையள விடமுடியாது."

கிழங்கும் சாளையும்

ஸ்டெல்லா மீன் வியாபாரம் செய்கிறவள். சொந்தமாக ஒரு குட்டி வேன் வாங்கி, தானே ஓட்டிப்போய் மீன் விற்கவேண்டும் என்று படிக்க வந்தாள். அவளுக்கு வகுப்பு இருக்கிற நாளில் மண்டைக்காட்டில் கடலைப் பார்த்து வண்டியைக் கொஞ்சம் நிறுத்துவோம். காலை வெயிலில் கடல் வெளுத்துக் கிடக்கும். அலை வருகிறதா போகிறதா என்றே தெரியாது. பேச்சு வேண்டாம் என்றிருக்கும்.

ஒருநாள் வாழையிலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் கொண்டுவந்து நீட்டினாள். அந்த மணத்தில் நான் பாதி ஆளாகிவிட்டேன். கிழங்கு சுகருக்கு ஆகாது, சாளை யூரிக் ஆசிட்டுக்கு ஆகாது என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது. நம் ஊரில் பிறந்தவனுக்கு இந்த இரண்டையும் விட்டால் வாயில் வேறு என்ன மிச்சம்? ஸ்டெல்லா யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்போ சாருக்கு அந்த இலையை மட்டும் தாறேன், மோந்துக்கிட்டு இருங்க."

பேச்சிப்பாறை ரோடு

வளைவுகளில் ஓட்டிப் பழக, வளைகுடா வேலைக்குப் போகவிருந்த வினுவை பேச்சிப்பாறைப் பக்கம் கூட்டிப்போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே நிழலும் வெயிலும் மாறிமாறி முகத்தில் விழ, கண் தானாகச் சொக்கியது. ஆனால் ஒவ்வொரு குழிக்கும் விரல் என்னை எழுப்பிவிட்டது. போகப்போக வினு ஒரு குழிகூட விடாமல் விலக்கி ஓட்டினான். எப்படி என்று கேட்டேன்.

"சாருக்க மூஞ்சியப் பாத்து ஓட்டுனா போதும், ரோட்டைப் பாக்காண்டாம்."

தூண்டில் நரம்பு

சுகர் நாள்பட்டால் பாதம் மரத்துப்போகும் அல்லவா? அதைச் சோதிக்க டாக்டரம்மா தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இழை பாதத்தில் படும்போது சொல்லவேண்டும். கண்ணை மூடியதும் நான் பூதப்பாண்டி வயல்வெளிக்குப் போய்விட்டேன். அங்கே நல்ல காற்று. "தொட்டுக்கிட்டே இருக்கேன், தெரியலியா?" என்று அவர் கேட்டபோதுதான் திரும்பி வந்தேன். ஏதோ ஞாபகமாக இருந்துவிட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை. மறுபடி தொட்டார். இடது காலில் சில இடங்களில் ஒன்றும் இல்லை. வலது காலில் தெரிந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது மாதிரி.

எனக்குப் பயமாகிவிட்டது. இடது சீட்டும் ஜன்னலும் காலைக் காற்றும் போய்விட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்? டாக்டரம்மா மாத்திரைகளை எழுதிவிட்டுச் சொன்னார்:

"பெடல் உங்க காலுக்குத் தெரியிற வரைக்கும் அந்த சீட்டு உங்களுக்கு. தெரியலைன்னா அன்னைக்கே இறங்கிடணும்."

வாத்துக் கூட்டம்

அதற்குப் பிறகு வண்டியில் ஏறியதும் பெடலை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். தெரிகிற மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும். இப்படியே நாள் போயிற்று.

ஸ்டெல்லாவின் லைசென்ஸ் டெஸ்டுக்கு முந்தின நாள் காலை. அறுப்பு முடிந்த வயல்களில் பனி இறங்கியிருந்தது. மல்லாந்த பெண் உருவம் போலிருக்கிற தாடகை மலை படுத்த படுக்கையாகத் தூரத்தில் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கு மேய்ச்சல் வாத்துகள் கூட்டமாக ரோட்டைக் கடந்தன. பதற்றத்தில் ஸ்டெல்லா பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டாள். எனக்குமுன் என் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. பெடலின் ரப்பர், அதன் விளிம்பு, அது இறங்கிய ஆழம் எல்லாம் தெரிந்தது. கூடவே பெருவிரலிலிருந்து உச்சந்தலை வரை ஒரு வலி. வண்டி நின்று, என்ஜினும் அணைந்தது.

வாத்துகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆடி ஆடி, பனிக்குள் இறங்கிப் போயின. கண்ணில் நீர் வழிய, "வலிக்குது ஸ்டெல்லா, நல்லா வலிக்குது" என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லிச் சிரிக்குத ஆள இப்பந்தான் பாக்கேன். சாரே, வண்டிய எடுக்கட்டா?"

சுகர் என் காலைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறது, யூரிக் ஆசிட் ஊரைக் கூட்டி அதைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த இரண்டின் இழுபறியில்தான், சக கஷ்டக்காரர்களே, என் உத்தியோகம் ஓடுகிறது.