வெறும் வயிற்றில் குஸ்கா

காய்ச்சல் ஏறும்போது எங்கள் வீட்டுக் கூரை மெல்ல உயரத் தொடங்கும். மின்விசிறி எங்கோ தொலைவில் ஒரு பூச்சியைப் போலச் சுற்றும். ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் ரயில் என் ஒரு காது வழியாக நுழைந்து, அவசரமே இல்லாமல், மறு காது வழியாக வெளியேறும். தொண்டையின் இரண்டு பக்கமும் யாரோ சூடான கோலிக்குண்டு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். எச்சில் விழுங்க வேண்டுமென்றால் முதலில் அதற்கொரு தீர்மானம் எடுக்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கால் கட்டைவிரலை மடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் விழுங்கலாம்.

இது எனக்கு மழைக்கு ஒரு முறை, வெயிலுக்கு ஒரு முறை, இரண்டும் இல்லாத நாளில் சும்மா ஒரு முறை என்று வந்துகொண்டிருந்தது. டான்சில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருகிற நோய். தலை பாதி நரைத்த ஆளுக்கு வந்ததை என் மனைவி ஒரு நோயாகவே மதிக்கவில்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். எதையும் நேராகத் தைத்துவிடுவாள்.

"வயசுக்குத் தகுந்த சீக்கு வரக் கூடாதா உங்களுக்கு? சுகர், பிரஷர்னு கௌரவமா எதுனா வந்தா வெளியில சொல்லிக்கலாம்," என்பாள், உப்புத் தண்ணீரை நீட்டிக்கொண்டே.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிறவன்; செலக்‌ஷன் என்போம். பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்ட ஆட்டுத்தோல்கள் கடைசியில் என் மேசைக்கு வரும். மேசை வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. அங்கே வெயில் நேராக விழாது. நாள் முழுக்க ஒரே சீராக, பால் கலந்த தண்ணீர் போல ஒரு வெளிச்சம் நின்றுகொண்டிருக்கும். அதில் தோலை விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணிக் கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு எல்லாம் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். ஃபர்ஸ்ட். செகண்ட். தேர்ட். ரிஜெக்‌ஷன். எதிரே நிற்கும் பாய் என் குரலைக் கேட்டு, தலை நிமிராமலே அந்தந்த அடுக்கில் போடுவார். பக்கத்து ஹாலில் பெரிய மர டிரம்கள் உருண்டுகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைத் தாண்டி என் குரல் போக வேண்டும். போகும். கூடவே ஒரு கேலியும் போகும்.

"செகண்ட். இந்த ஆடு முள்ளுவேலிக்குள்ள லவ் பண்ணியிருக்கு."

ஹாலே சிரிக்கும். நான் பெரிய அழகனோ வசதிக்காரனோ இல்லை. என்னை நான் என்று நாலு பேர் அறிந்திருப்பது அந்தக் குரலால்தான்.

ஒருவழியாக வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டரம்மா சின்ன வயசு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, என் நாக்கை ஒரு பட்டையால் அழுத்திப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் மேசைக்கு அந்தப் பக்கம் விரித்துப் போடப்பட்டிருந்தேன்.

"என்ன செலக்‌ஷன், மேடம்?" என்றேன், பட்டை வெளியே வந்ததும்.

அவருக்குப் புரியவில்லை. மனைவிதான் என் வேலையைச் சொல்லி விளக்கினாள். டாக்டரம்மா மறுபடி விளக்கைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒரே குழியும் தழும்புமா இருக்கு. ரிஜெக்‌ஷன்தான். எடுத்துடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கேலியை என்னிடமே அதிக விலைக்கு விற்றுவிட்டார்.

"குரல் போய்டுமா, மேடம்?"

"போகாது. சிலருக்கு லேசா மாறலாம். உள்ள அடைச்சிட்டு இருந்தது போய் இடம் காலியாகுது இல்ல, அதனால. பல பேருக்குத் தெரியவே தெரியாது."

அவர் இவ்வளவும் சொன்னார். என் காதில் விழுந்தது 'மாறலாம்' மட்டும்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கு வரப்போகும் குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று கீச்சென்று இருந்தது. ஒன்று செய்தி வாசிக்கிறவர் மாதிரி. ஒன்று, சொல்லவே கூசுகிறது, என் மாமனார் மாதிரி. வெளியே மணலாகக் கிடந்த பாலாறு என் கூடவே வந்துகொண்டிருந்தது. ஒரு சமயம் தண்ணீர் ஓடிய இடம் என்று பார்த்தால் தெரிகிறது, ஆனால் சத்தம் இல்லை.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் தோலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மாறினா இன்னாபா? இப்ப இருக்கறது இன்னா தேனா ஓடுது? ஒருவேளை நல்லதா மாறும்."

"கெட்டதா மாறினா?"

"நாங்க பழகிக்கறோம். இத்தோட பழகலையா?"

ஆபரேஷன் நாள் குறித்துக் கொடுத்தார்கள். மத்தியானம்தான். முந்தின ராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று மனைவியிடமும் என்னிடமும் தனித்தனியாகச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரியாணியில் கறி இல்லாமல் சோறு மட்டும் வாங்கினால் அது குஸ்கா. காலை இடைவேளையில் நாங்கள் ஒரு தட்டு குஸ்கா சாப்பிட்டுவிட்டு வந்து மேசையில் நிற்போம். யாராவது "சாப்டியா?" என்று கேட்டால் "இன்னும் இல்லபா" என்போம். பொய் இல்லை. உள்ளே ஒரு பீஸ் போகாதவரை அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அன்று காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் மனைவி தலைவலி மாத்திரை வாங்க எதிர்க் கடைக்குப் போனாள். நான் பையோடு நின்றேன். பயத்தில் கால் தரையில் பாவவில்லை. ஏதோ ஒரு ஈரத் துணியின் மேல் நிற்பது போலிருந்தது. பக்கத்துக் கடையில் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். ஆவி எழுந்து, கூட்டத்தில் இவனையும் அவனையும் விலக்கிக்கொண்டு, தெரிந்தவர் மாதிரி நேராக என்னிடம் வந்தது. தோளில் கை போட்டது. அதற்கப்புறம் நடந்தது எனக்கு ஒரு கனவு போலத்தான் நினைவிருக்கிறது. வாழையிலை, கத்தரிக்காய், விரல் நுனியில் சூடு. மனைவி திரும்பி வந்தபோது நான் அதே இடத்தில், அதே பையோடு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் நாடா கட்டும் பச்சை அங்கியைக் கொடுத்தார்கள். நாடா இருந்தும் பின்பக்கம் இல்லாத ஒரு உடை அது. படுக்கையில் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தார். பெரியவர், நிதானமாகப் பேசினார்.

"காலையில இருந்து எதுனா சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார்."

"தண்ணி?"

"குஸ்காவுக்கு அப்புறம் குடிக்கல சார்."

அவர் பேனாவை மூடினார். பக்கத்திலிருந்த நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்; அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் அதில் கறி இல்லை என்பதை விளக்க முயன்றேன். வந்த வழியே என்னைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேணும்னேதானே பண்ணீங்க?"

"சத்தியமா இல்ல. குஸ்காதானேன்னு..."

"பேசாதீங்க. அந்தக் குரலைக் காப்பாத்திட்டீங்க இல்ல, வீட்டுக்குக் கொண்டு போய் பீரோவுல வெச்சிப் பூட்டுங்க."

வேண்டுமென்றே செய்தேனா என்று எனக்கே இன்றுவரை தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில், பல வாரங்களுக்குப் பிறகு, குழந்தை மாதிரி தூங்கினேன்.

அந்தத் தூக்கம் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் வந்தது. கூரை உயர்ந்து உயர்ந்து ஓடு எங்கே என்றே தெரியாத தூரத்துக்குப் போயிற்று. கஞ்சி இறங்கவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கீச்சுக் குரலும் இல்லை, மாமனார் குரலும் இல்லை. ஒன்றுமே இல்லை.

வேலைக்குப் போனேன். தோலைப் பார்த்து விரலைக் காட்டினேன். ஒரு விரல் ஃபர்ஸ்ட், இரண்டு விரல் செகண்ட். பாய் ஒவ்வொரு தோலுக்கும் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. அடுக்கு ஏறவில்லை. ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. டிரம்களின் சத்தம் அன்றுதான் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. வடக்கு வெளிச்சத்தில் நான் ஒரு மீன்தொட்டிக்குள் நிற்பது போலவும், வாயைத் திறந்து மூடுவது போலவும் தோன்றியது. எவனோ கைப்பேசியில் பாட்டு போட்டான். என் இடத்தில் ஒரு பாட்டு.

சாயந்திரம் பாய் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து போச்சு. எதைப் போய்டும் போய்டும்னு பயந்தியோ அதான் போயே போச்சே. இனிமே இன்னாத்துக்கு பயப்படறே? பேஜார் பண்ணாம போய் எடுத்துட்டு வந்துடு."

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லாததால் போனேன்.

மருந்து கொடுத்து, தொண்டை ஆறக் காத்திருந்து, மறுபடி நாள் குறித்தார்கள். இந்த முறை பஸ் ஸ்டாண்டில் மனைவி என் மணிக்கட்டை விடவில்லை. பஸ் ஏறியதும் கடைகள் இருந்த பக்கத்து ஜன்னலை இழுத்து மூடினாள். ஆஸ்பத்திரியில் அதே பெரிய டாக்டர். என்னை மறக்கவில்லை.

"குஸ்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வெறும் சோறு? குழம்பு? வாசம்?"

"மோந்துகூடப் பாக்கல சார், நான் கூடவே இருந்தேன்," என்றாள் மனைவி வாசலிலிருந்து.

ஊசி ஏறியது. மேலே இருந்த விளக்கு வட்டம் அகன்று, எங்கள் வடக்கு ஜன்னலாயிற்று. பாலாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது, டிரம் உருள்வது போன்ற சத்தத்தோடு. தண்ணீருக்கு மேலே ஆயிரம் தோல்கள், பழுப்பும் கறுப்பும் நீலமுமாக, பறவைகள் மாதிரி மெதுவாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்து நான் தரம் சொல்கிறேன். சத்தம் வரவில்லை. ஆனாலும் அவை தாமாகவே இறங்கி, அந்தந்த அடுக்கில் படுத்துக்கொள்கின்றன. நான் அவ்வளவு நிம்மதியாக வேலை செய்ததே இல்லை.

கண் விழித்தபோது வாயில் இரும்பு ருசி. தொண்டைக்குள் யாரோ உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்திருந்தார்கள். காதும் சேர்ந்து வலித்தது. எதிரில் மனைவி. அவளிடம் சொல்ல ஒரு நல்ல கேலி இருந்தது. வாயைத் திறக்கவே பயமாக இருந்ததால் அது அப்படியே வீணாயிற்று.

"ஐஸ்கிரீம் சாப்பிடுவீங்களாம், ஜாலிதான்," என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அது பிள்ளைகளுக்கு. என் வயசில் ஐஸ்கிரீமும் ஆணிதான். ஆற வைத்த கஞ்சியை ஒரு ஸ்பூன் ஊற்றிக்கொண்டு, கால் விரலை மடக்கிக்கொண்டு, மத்தியானங்களைக் கழித்தேன். மருந்து மயக்கத்தில் மத்தியானம் எங்கே முடிந்து அடுத்த மத்தியானம் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. பாய் பார்க்க வந்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது அவருக்கு வழக்கமில்லை. மட்டன் பிரியாணி பொட்டலம். நான் முறைத்தேன்.

"உனக்குன்னு எடுத்துட்டு வரல. பாக்கறதுக்கு," என்றார். அவரும் என் மனைவியும் என் கண் முன்னாலேயே அதைச் சாப்பிட்டு முடித்தார்கள். மசாலா கம்மி என்று குறை வேறு.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நான் பேசவில்லை. சைகை, தலையாட்டல், மிஞ்சினால் கிசுகிசுப்பு. வலி போன பிறகும் அதையே தொடர்ந்தேன். உள்ளே ஒரு குரல் இருக்கிறது, அது எதுவென்று திறந்து பார்க்காதவரை அது பழையதாகவும் இருக்கலாம் இல்லையா?

மனைவிக்குத் தெரிந்துவிட்டது. "உங்களுக்குப் பேச்சு வராம இல்ல. தைரியம் வரல," என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. நான் தலையாட்டினேன்.

அப்படியே வேலைக்கும் போனேன். ஜன்னல், மேசை, பாய். முதல் தோல் வந்து விழுந்தது. அடர்ந்த பழுப்பு, வெண்ணெய் மாதிரி. விரித்தேன், தடவினேன். பாய் தலை குனிந்தபடி கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். விரலைக் காட்டலாமா என்று ஒரு கணம் கை எழுந்தது. அவர் பார்க்கப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"ஃபர்ஸ்ட்."

சாமான்களை வெளியேற்றிய அறையிலிருந்து யாரோ பேசுவது போல வந்தது அது. பாயின் கை அப்படியே நின்றது. தலை நிமிர்ந்தது. தெரிந்துவிட்டது அவருக்கு, மாறிவிட்டது என்று.

"இன்னொரு தபா சொல்லு," என்றார்.

"ஃபர்ஸ்ட்."

"இதுவா? இது ஃபர்ஸ்டா?" தோலை இழுத்து அதன் ஓரத்தைத் திருப்பினார். "இந்தக் கீறல் தெரியல உனக்கு? ஏம்பா, தொண்டைய எடுக்கச் சொன்னா கண்ணையும் சேத்து எடுத்துட்டாங்களா?"

"அது கீறல் இல்ல பாய், மடிப்பு."

"மடிப்பா? செகண்ட் இது."

"கையை வெச்சிப் பாரு. மெருகுல விழுந்த மடிப்பு. தடவினா போய்டும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? செகண்ட்."

"ஃபர்ஸ்டுன்னா ஃபர்ஸ்ட். இந்த மேசையில தரம் சொல்றது யாரு, நீயா நானா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெருகு மிஷினிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தேன், நான் கத்திக்கொண்டிருந்தேன். டிரம்களுக்கு மேலே, ஹாலின் அந்தக் கோடி வரை. யாருடைய குரல் அது என்று யோசிக்க நேரமில்லை. பாய் அதற்குள் தோலை செகண்ட் அடுக்கின் பக்கம் கொண்டு போய்விட்டிருந்தார். நான் மேசையைச் சுற்றி ஓடி மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தோம்.

இன்றும் சொல்கிறேன், அது மடிப்புதான்.