மார்லீன் காத்த ரகசியம்

கனெக்டிகட்டில் அந்த ஊர்க்காரர்கள், யாருக்கு என்ன ஆபரேஷன் என்று கடையில் வரிசையில் நின்றபடியே விசாரிப்பார்கள். பிள்ளை எந்தக் கல்லூரிக்கு முன்முடிவு விண்ணப்பம் போடுகிறது என்று மட்டும் கேட்கமாட்டார்கள். அது அநாகரிகம். அதனால் கேட்காமலே தெரிந்துகொள்வார்கள்.

பல் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும் மார்லீன் டாய்லுக்கு இதில் வசதி அதிகம். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் குறுக்கே பேசுவதில்லை.

மகள் ப்ரின்னுக்குப் பாறைகள் என்றால் உயிர். அவற்றைப் படிக்க ஹால்ஸ்டன் கல்லூரிதான் வேண்டும் என்றாள். முன்முடிவில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும், பெற்றவளும் கூடவே. கல்யாணத்துக்குக்கூட மார்லீன் அவ்வளவு யோசித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. தங்கள் பள்ளியிலிருந்து ஹால்ஸ்டன் வருஷத்துக்கு ஒருவரைத்தான் எடுக்கும் என்பது ஊர் அம்மாக்களின் ஆராய்ச்சி முடிவு.

அக்டோபரில் பக்கத்து வீட்டு கெய்ல் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அவள் மகன் டெக்லன், ப்ரின்னைவிட மதிப்பெண்ணில் ஒரு பிடி மேல். ஹால்ஸ்டன் என்ற பேரே அவன் காதில் விழக்கூடாது என்று மார்லீன் முடிவு செய்திருந்தாள்.

"ப்ரின் ஆஷ்மோர் காலேஜ்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறா, கெய்ல். சொன்னா எங்க கேக்கறா? யார்கிட்டயும் சொல்லிடாத."

எச்சில் உறிஞ்சும் குழாயோடு கெய்ல் தலையாட்டினாள். ஆஷ்மோர் பக்கமே போகாத ப்ரின், அந்த வாரமே ஹால்ஸ்டனுக்கு விண்ணப்பித்தாள்.

டிசம்பரில் ஹால்ஸ்டன் மிகுந்த மரியாதையோடு அவளை வேண்டாமென்றது. மறுநாள் கெய்ல் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்டோடு வந்தாள். அவள் காரின் பின்கண்ணாடியில் ஹால்ஸ்டன் ஸ்டிக்கர் ஏற்கனவே ஏறியிருந்தது.

"டெக்லன் ஆஷ்மோருக்குத்தான் போடறதா இருந்தான், மார்லீன். ப்ரின்னோட எதுக்கு மோதணும்னு நான்தான் மாத்தச் சொன்னேன். நீ அன்னிக்குச் சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சு. ஆமா, ஆஷ்மோர்ல என்ன சொன்னாங்க?"

"தள்ளி வச்சிருக்காங்க" என்றாள் மார்லீன். "வசந்தத்துல சொல்றாங்களாம்."

கதவைச் சாத்திவிட்டு மகளின் அறைக்குப் போனாள்.

"ஆஷ்மோருக்கு ஒரு விண்ணப்பம் போடு. சேர்ந்தே தீரணும்னு இல்லாத பொது விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கு."

"அங்க பாறையைப் பத்தின படிப்பே கிடையாதும்மா."

"தெரியும். பிஸ்கட் எடுத்துக்கோ, உக்காந்து எழுது."