நாலு வரப்பும் ஒண்ணுதான்

நமுத்துப்போன தீக்குச்சியை யாராவது உரசினால் போதும். அந்தக் கருகிய மருந்து வாசனையில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே அறுப்பு முடிந்த இரண்டு வயல்கள் என் முன்னால் வந்து படுத்துக்கொள்ளும். ஒன்று நேராக. இன்னொன்று ஒருக்களித்து.

தொண்ணூறுகள். தனியார் சர்வேயராக ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் விதைக்கப் போகிறவர்கள் இல்லை, விமானம் ஏறப் போகிறவர்கள். விசா வந்தால் நிலத்தை அளக்க வேண்டும்; அளந்தால் விற்க வேண்டும். காலையில் ஒரு ஊரில் சங்கிலி இழுப்பேன், சாயங்காலம் இன்னொரு ஊரில். சேறு காய்ந்த காலோடு பஸ்ஸில் உட்கார்ந்தால், இன்றைக்கு யாரை ஊரைவிட்டு அனுப்பினோம் என்பதுகூட நினைவிருக்காது. அந்த இரண்டு வயல்காரர்கள் மட்டும்தான் நினைவில் தங்கினார்கள்.

1. கூட்டுப் பட்டா

இளங்கோ துபாய்க்குப் புறப்பட வேண்டியவன். மறுநாள் காலை பத்திரப் பதிவு, சாயங்காலம் சென்னை பஸ். அவனுடைய அக்கா மல்லிகா உள்ளூரிலேயே வாக்கப்பட்டு, சொந்தமாகச் சாகுபடி பார்ப்பவர். அப்பா உயிரோடு இருந்தபோதே வாய்ச்சொல்லில் ஆளுக்கொரு வயல் பிரித்துவிட்டிருந்தார். ரோட்டோரத்து வயல் தம்பிக்கு, அதை ஒட்டித் தெற்கே இருந்தது அக்காவுக்கு. பட்டா மட்டும் கூட்டாகவே இருந்தது. தம்பி விற்க வேண்டுமானால் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும்.

"ரெண்டு வயலுக்கும் நாலு வரப்பும் ஒண்ணுதான் சார். குறுக்கே நூறடி, நெடுக எரநூறு. ரெண்டு வயலும் அப்பா கயிறு போட்டு அளந்தது. ஸ்கெட்ச் மட்டும் போட்டுக் குடுங்க" என்றான் இளங்கோ. பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "ஒரே விதை, ஒரே உரம். ஆனா எனக்கு வர்ற மூட்டை இவளுக்கு வராது. கைராசி அப்படி. ஊருக்கே தெரியும்."

மல்லிகா வரப்பில் ஏறி முன்னால் நடந்தார். கேட்டுக் கேட்டுக் காய்ப்பு ஏறிய முகம்.

அந்தப் பக்கத்து அளவுமுறை எனக்குத் தெரியும். எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதியையும் பெருக்குவார்கள். மூலை நேராக இருக்கிறவரை அந்தக் கணக்கு பொய் சொல்லாது.

தம்பியின் வயலில் நான்கு மூலையும் நேர்தான். இரண்டு வயலுக்கும் இடையிலான நடு வரப்பைத் தாண்டியதும், பக்கத்தில் ஓடும் வாய்க்கால் கிழக்கே ஒதுங்குகிறது. அக்காவின் வயலில் இரண்டு பக்க வரப்பும் அதன் பின்னாலேயே சாய்ந்து போகின்றன. செங்கோணம் பார்க்கிற கிராஸ் ஸ்டாஃபை ஊன்றி நேர்க்கோடு பிடித்தேன். சாய்ந்த வரப்பு இருநூறு அடி, சரிதான். ஆனால் நடு வரப்பிலிருந்து தெற்கு வரப்புக்கு நேர்குத்தாகப் போனால் நூற்றறுபதுதான்.

"அக்கா வயல் அஞ்சுல ஒரு பங்கு கம்மிங்க" என்றேன்.

2. காலித் தீப்பெட்டி

கூட வந்த தரகர் பதறிவிட்டார். "சார், கோணலா இருந்தா என்ன, நேரா இருந்தா என்ன? நம்ம பார்ட்டிக்கு வேண்டியது ரோட்டோரம் மட்டும்தானே?"

இளங்கோ சிகரெட்டை வாயில் வைத்து, பற்றாத குச்சிகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டிருந்தான். "நாலு பக்கமும் ஒண்ணா இருக்கறப்ப நிலம் எப்படி சார் கம்மியாவும்? காத்தா, எறங்கிப் போவ?"

அவன் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினேன். குச்சித் தட்டை உருவிவிட்டு, வெறும் உறையை மூலையில் மெல்ல அமுக்கினேன். அது சாய்ந்தது.

"பக்கம் ஏதாவது கொறஞ்சிருக்கா?"

"இல்ல."

"தட்டை உள்ளே விடுங்க."

போகவில்லை. இன்னும் அமுக்கினேன், உறை தட்டையாகிவிட்டது. "இப்பவும் நாலு பக்கமும் அதே அளவுதான். உள்ளே ஒத்தக் குச்சிக்கு எடமில்ல பாருங்க."

மல்லிகா கையை நீட்டி அந்த உறையை வாங்கிக்கொண்டார். அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார்.

"வருஷா வருஷம் எனக்கு மட்டும் நாத்து மிஞ்சும் சார். நெருக்கி நடலைன்னு நடவுக்கு வந்தவளுகளத் திட்டியிருக்கேன். ஆனா வரப்பு வெட்ட மட்டும் இவனுக்கு எத்தனை ஆளோ அத்தனை ஆளு எனக்கும்." தம்பி பக்கம் திரும்பினார். "நடு வரப்ப நவுத்து. அப்பறம்தான் கையெழுத்து."

"பார்ட்டிகிட்ட நான் என்னம்மா சொல்றது?" என்றார் தரகர்.

"சாஞ்ச வயலு வேணுங்கிற பார்ட்டி இருந்தா கூட்டியாங்க. முழுசாவே தர்றேன்."

"ஊரைவிட்டுப் போறவன்கிட்ட கேக்குற கேள்வியாக்கா இது?" என்றான் இளங்கோ.

"நீ இருக்கறப்பவே கேக்கறேன். போனப்பறம் போன்லயா வரப்பு போடுவ?"

நடு வரப்பை இருபது அடி வடக்கே தள்ளினால் இருவருக்கும் சரிபாதி. டேப்பின் மறுமுனையை இளங்கோவே பிடித்தான், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. கல் ஊன்றும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

3. பஸ் ஸ்டாண்ட்

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான், அதையும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான்கு பக்கமும் அளந்தால் வரப்பைத்தான் அளந்திருக்கிறீர்கள், நிலத்தை இன்னும் அளக்கவில்லை. சாய்த்தால் வரப்பு குறையாது. விளைகிற இடம்தான் குறையும். ஒரு தடவை நேர்குத்தாக நடந்துவிட்டு வாருங்கள். அங்கே விடுபட்டது எங்கே போய் யார் தலையில் விடியும் என்று ஸ்கெட்சில் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் வேறு ஊர் போக நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பதிவு முடிந்திருந்தது. மல்லிகா முறுக்குப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகத் தம்பியிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடம்தான் சரியாயிடுச்சே. இன்னும் ஏங்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரத் தொடங்கியது. மல்லிகாவும் கூடவே நாலு எட்டு நடந்தார்.

"எடம் வந்துடுச்சு. எனக்குக் கைராசி இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னியே தம்பி, அதை யாருகிட்ட மாத்திச் சொல்லிட்டுப் போற?"